விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை

‘மே மாதம் மகளுக்குத் திருமணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தாயிற்று. பெஞ்சுக்குப் பெஞ்சு பனையோலை விசிறி வைக்கலாமா? உள்ளே இருக்கும் காற்றே அனலாக இருக்கும்போது, அதையே வீசினால் எப்படிக் குளிரும்?’ என்று புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. 300 பேர் கூடினால், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி முப்பதைச் சூடாக்கி வைத்தது போல. இதற்கு உடம்பு வைத்திருக்கும் வழி வியர்வை. உள்ளுறை வெப்பம் பள்ளியில் படித்ததுதான்: ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2400 ஜூல் வேண்டும். அதை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆனால் வியர்ப்பது வேறு, வியர்வை உலர்வது வேறு. தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு காற்றுப் படலம் அசையாமல் நிற்கிறது. வியர்வையிலிருந்து துள்ளிக் கிளம்பும் நீர் மூலக்கூறுகள் அதற்குள் முட்டி மோதுகின்றன, பாதி வழியில் திரும்பி வந்து தோலிலேயே ஒட்டிக்கொள்கின்றன. படலம் ஈரத்தால் நிரம்ப நிரம்ப, திரும்பி வருபவை கூடுகின்றன. பிசுபிசுப்பு அதனால்தான். விசிறியின் ஒரு வீச்சு அந்தப் படலத்தை உரித்து எடுத்துவிடுகிறது. அடுத்த படலம் கட்டுவதற்குள் அடுத்த வீச்சு. காற்றின் சூடு துளியும் குறைவதில்லை, நமக்குக் குளிர்கிறது.

இப்போதே செய்து பாருங்கள். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து ‘ஹா’ என்று ஊதினால் சூடு. உதட்டைக் குவித்து ‘ஊ’ என்று ஊதினால் குளிர்ச்சி. இரண்டும் ஒரே நுரையீரலில் இருந்து வந்த காற்றுதான். வேகமாகப் போகும்போது அது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போய்ப் படலத்தைக் கலைக்கிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

ஏர்கூலர் வாடகைக்கு எடுக்க வேண்டாம். அது காற்றில் தண்ணீரைக் கலந்து குளிர்விக்கும் கருவி. 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்மாவட்ட மதியத்தில், ஆவியாதல் 23 டிகிரி வரை இறக்கிக் காட்டும். புதுச்சேரி போன்ற கடலோரத்தில் 35 டிகிரி, 60 சதவீதம் என்றால் 28க்குக் கீழே போகவே போகாது, மிஞ்சுவது புழுக்கம். கடற்காற்றும் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் வரும். 10 மணித் திருமணத் திருப்பலிக்கு ஜன்னல்களும் விசிறியும்தான் துணை.

அப்புறம், வாசலில் வைக்கும் மண்பானை. களிமண்ணுக்குத் தனியாகக் ‘குளிர்ச்சிக் குணம்’ எதுவும் கிடையாது. நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது, அவ்வளவுதான். அலங்காரம் என்று பானைக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். துளைகள் அடைபட்டுப் பானை வெறும் பாத்திரமாகிவிடும். அரிசி மாவில் கோலம் போடுங்கள், கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றுங்கள். மூலையில் ஒதுக்காமல், காற்று வரும் வாசல் நிழலில், ஈர மணல்மேல் வையுங்கள். பானைக்கும் ஒரு படலம் உண்டு, அதையும் காற்றுதான் உரிக்க வேண்டும். இதையெல்லாம் ஊர் ஊராக அளந்து பார்க்கும் எளிய ஆய்வுகளுக்கு, பல்கலைக்கழகங்கள் இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒரு விஷயம் மட்டும் மறந்துவிடாதீர்கள். வயதானவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கும். உலர்ந்த தோலில் விசிறிக்கு வேலை குறைவு. காற்று உடம்பைவிடச் சூடாக இருந்தால் வெறும் விசிறல் வெப்பத்தைத்தான் சேர்க்கும். தாத்தா பாட்டிகளை ஜன்னலோரப் பெஞ்சில் உட்காரவைத்து, விசிறியோடு ஒரு ஈரக் கைக்குட்டையும் கொடுங்கள். முழங்கையிலும் கழுத்திலும் அதை ஒற்றிவிட்டு வீசிக்கொள்ளட்டும்.