பனிச்சரிவா, பனிப்பாறைச் சரிவா?

ஆனி பிறந்தால் சுவிஸில் இருக்கும் என் தங்கை மகன் மலையேறப் புறப்பட்டுவிடுவான். இம்முறை தொலைபேசியில், "மாமா, லவீனே என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்?" என்று கேட்டான். பனிச்சரிவு என்றேன். "பனிப்பாறைச் சரிவு என்றும் எழுதுகிறார்களே?" என்றான்.

எழுதுகிறார்கள், ஆனால் அது பிழை. வன்னியில் நமக்குத் தெரிந்த பனி, தை விடியலில் வரம்புப் புல்லை நனைப்பது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரே சொல்லுக்குள் வானிலிருந்து உதிரும் வெண்பனியையும் இறுகிய பனிக்கட்டியையும் சேர்த்து அடைத்துவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பனிப்பாறை கடலில் மிதப்பது. மலையில் சரிவது பெரும்பாலும் வெண்பனி. பதுளையில் மண் சரிந்தால் மண்சரிவு என்கிறோம். பனி சரிந்தால் பனிச்சரிவு. 2022 ஜூலை 3ஆம் திகதி இத்தாலியின் மார்மொலாடா மலையில் 11 பேரைக் கொன்றது வேறு வகை. அங்கே பனிக்கட்டியாற்றின், அதாவது மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளின், ஒரு பகுதியே உடைந்து விழுந்தது. அதைப் பனிக்கட்டியாற்று உடைவு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தின் 'அவலாஞ்ச்' பிரெஞ்சிலிருந்து வந்தது. அல்ப்ஸ் மலைமக்களின் பேச்சில் அது 'லவான்ஷ்'. கீழே இறங்குதலைக் குறித்த ஒரு பிரெஞ்சு வினையின் சாயல் படிந்து முன்னால் 'அ' ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் லவீனே, 'லபீனா' என்ற பிற்கால இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அதன் வேருக்கு வழுக்குதல் என்று பொருள். நம் 'சரிவு' அந்த வேரின் பக்கத்திலேயே நிற்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நீலகிரியில் அவலாஞ்சி என்றே ஓர் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பெரிய சரிவால் வந்த பெயர் அது. அங்கே சரிந்தது மண்.

கோடை தொடங்கும் காலத்துக்கு இன்னொரு சொல்லும் தேவை: ஈரப் பனிச்சரிவு. குளக்கட்டில் நீர் ஊறி மண் இளகுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பகல் வெயிலில் உருகிய நீர் பனிக்குள் இறங்குகிறது. துகள்களின் பிடி தளர்கிறது. சரிவு முழுதும் குழைத்த சீமெந்து போலக் கனத்து நகர்கிறது. தெளிந்த இரவில் வெப்பம் வானுக்குப் போய்விடுவதால் மேற்பரப்பு மீண்டும் உறைந்து இறுகும். அதனால்தான் ஏறுபவர்கள் நள்ளிரவு கடந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுகிறார்கள். முகில் மூடிய இரவில் அந்த இறுக்கம் கிடைப்பதில்லை.

மருமகனுக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். கடைசி வரியில், "இரவு முகில் மூடியிருந்தால் ஏற வேண்டாம், தம்பி. விடியற்காலையிலேயே கால் பனிக்குள் புதைந்தால் திரும்பிவிடு" என்று சேர்த்தேன்.