அக்கா, அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

வெள்ளத்தில் நின்ற பழைய காடி (கார்) வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. லிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா, மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். 2015 பெரோடுவா ஆக்சியா, வெள்ளை, வாங்கிப் பதினோரு நாள் ஆகிறது. "ஏர்கோன் போட்டா ஆத்து வாசம் வருது தம்பி" என்றார். பிறந்ததிலிருந்து சுங்கை சிப்புட்டில் இருப்பவர். வெள்ளம் வடிந்த வீட்டின் வாசம் அவருக்குத் தெரியாதா என்ன?

டிரைவர் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினேன். அடியில் இருக்கும் பஞ்சில் அரிசி மாவு மாதிரி நைசான மண். சீட் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதியில் சேற்றுக்கோடு. மேலே தெரிகிற பகுதியை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள்.

அக்கா கைப்பையிலிருந்து நான்காக மடித்த புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) காகிதத்தை எடுத்து நீட்டினார். "புஸ்பாகோம் பாஸ் ஆயிருக்கே தம்பி. அப்புறம் எப்படி?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷமாக ஃபோர்மன் (மெக்கானிக்) வேலை பார்க்கிறேன், மாதத்துக்கு நான்கு பேராவது இதையே கேட்கிறார்கள். புஸ்பாகோம் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். அது என்ன வேலை என்று நமக்குத்தான் புரியவில்லை.

பெயர் மாற்றும்போது செய்வது பி5 சோதனை. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கிராண்ட்டில் (காடியின் பதிவுப் பத்திரம்) இருப்பதோடு ஒத்துப்போகிறதா, கண்ணாடியில் ஒட்டிய டிண்ட் சட்டப்படி இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, அடிப்பக்கம் பெரிய கோளாறு உண்டா என்று பார்ப்பார்கள். வங்கிக் கடனில் வாங்கினால் பி7 என்று இன்னொன்று இருக்கும். இரண்டிலும் எஞ்சினைத் திறக்க மாட்டார்கள். கியர்பாக்ஸைத் தொட மாட்டார்கள். உங்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கவும் மாட்டார்கள். இன்று இந்தக் காடி சாலையில் ஓடலாமா, இது திருட்டுக் காடியா என்பதுதான் அங்கே கேள்வி. அடுத்த ஐந்து வருஷம் இது உங்கள் குடும்பத்தைச் சுமக்குமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

வேறு மாதிரி சொல்கிறேன். ஒருவர் ஐசியை (அடையாள அட்டை) நீட்டுகிறார். படமும் முகமும் ஒன்றுதான், நம்பரும் சரி. அதை வைத்து அவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இல்லை என்று சொல்லிவிடுவீர்களா? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஐசியோடு நிறுத்திக்கொள்கிறீர்களா? நான்கு பேரிடம் விசாரிக்கிறோம், தண்ணி போடுவாரா என்று கேட்கிறோம். காடிக்கு மட்டும் காகிதம் போதும் என்றால் எப்படி?

2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். கூரை வரை தண்ணீரில் நின்ற அத்தனை கார்களும் இரும்புக்கடைக்குத்தான் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, அப்படியென்றால் என்னதான் பார்ப்பது?

முதலில் குளிர்ந்த எஞ்சின். வருவதாகப் போனில் சொன்னதும் விற்கிறவர் எஞ்சினை ஓடவிட்டு வைத்திருப்பார். போனதும் போனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடிக்கப் போய், ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் காடி உண்மையைப் பேசும். ஆக்சியா, பெஸ்ஸா 1.0 (ஒரு லிட்டர்) எல்லாம் மூன்று சிலிண்டர் எஞ்சின், கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயப்படுகிற ஆட்கள், எஞ்சின் எண்ணெய் எரிந்து பின்னால் வருகிற நீலப் புகையைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் கதவு. கதவைத் திறந்தால் ஓரத்தில் கறுப்பு ரப்பர் ஓடும். அதைக் கையாலேயே இழுக்கலாம், மறுபடி அழுத்தினால் உட்கார்ந்துவிடும். உள்ளே தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் இருக்கும். கம்பெனியில் வெல்டிங் வைத்த புள்ளிகள் அவை. ஒரு பக்கம் புள்ளிகள் அழகாக இருந்து, மறுபக்கம் மொழுமொழுவென்று புட்டி பூசியிருந்தால் அந்தப் பக்கம் ஒரு கதை இருக்கிறது. கதவுக் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளையும் பாருங்கள். பெயிண்ட் உரிந்து, ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். இதற்கு ஃபோர்மன் எதற்கு? இரண்டு கண் போதும்.

மீட்டரை நம்பாதீர்கள். "லோ மைலேஜ், டீச்சர் ஓட்டிய காடி" என்பார்கள். நம் நாட்டில் இத்தனை டீச்சர்கள் இருக்கிறார்களா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. இ-ஹெய்லிங் (ஆப் வழி வாடகைக் காடி) ஓட்டியவர் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும் 60,000. ஐந்து வருஷத்தில் 3 லட்சம். மீட்டரில் 82,000 காட்டும். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டீயரிங் பளபளவென்று மின்னும். அந்த இரண்டையும் மாற்ற ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. டயர் பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

எந்தக் காடி நல்லது என்றும் கேட்கிறார்கள். பட்டணத்தில் இருப்பவருக்கு ஒன்று, தோட்டத்துக்கு உள்ளே போய் வருபவருக்கு ஒன்று. கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் 1.0 போதும், ரோட்டெக்ஸ் (சாலை வரி) வருஷத்துக்கு 20 வெள்ளிதான் (ரிங்கிட்). 1.3 ஆனால் 70 வெள்ளி. அந்த 50 வெள்ளி வித்தியாசத்துக்குக் கணக்குப் பார்த்து 1.0 வாங்கிவிட்டு, ஐந்து பேரை ஏற்றி, ஏர்கோனும் போட்டு, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி, "பிக்கப் இல்லை தம்பி" என்று வருகிறார்கள். எப்படி இருக்கும்? சாமான் அதிகம் என்றால் ஆக்சியாவைவிட பெஸ்ஸா. ஆக்சியாவில் பின்பக்கம் 260 லிட்டர் இடம், பெஸ்ஸாவில் 508. புரோட்டோன் சாகாவில் 420. 2008இல் வந்த சாகா மாடலைப் பார்க்கிறவர்கள் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கட்டாயம் கேளுங்கள். மைவி, ஆக்சியாவில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, அந்தத் தலைவலி இல்லை.

செம்மண் பாதையில் தினமும் செம்பனை லோரிக்குப் பின்னால் ஓடுகிற காடிக்கு, பட்டணத்துக் காடியைவிட குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரும் லோவர் ஆர்ம் புஷ்ஷும் சீக்கிரம் போகும். மாதத் தவணை 350 கட்ட முடியுமா என்று மட்டும் பார்க்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு 100 வெள்ளியைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்றும் பாருங்கள். அப்புறம் எலி. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குக் கூடு வைக்கிறார்கள், ஆனால் ஆந்தை உங்கள் போனட்டுக்குள் வராது. போன வாரம்கூட ஒரு மைவியில் கடித்த வயர்களை உட்கார்ந்து ஒட்டினேன். லயத்துக்குப் பின்னால் புல்லில் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒரு முறை போனட்டைத் திறந்து பாருங்கள்.

"சம்போங் பாயார்" பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். அடுத்தவர் பெயரில் இருக்கும் கடனை நீங்கள் கட்டுவீர்கள், காடி கடைசி வரை அவர் பெயரில்தான் இருக்கும். வங்கி உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடும். இழுத்துக்கொண்டு போகும்போது யாரிடம் போய் அழுவீர்கள்?

குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருகிற அம்மாக்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 2020 ஜனவரியிலிருந்து குழந்தை இருக்கை கட்டாயம். சட்டத்துக்காக வேண்டாம், உங்கள் குழந்தைக்காகப் போடுங்கள். ஸ்போர்ட் ரிம்முக்கு 1,200 வெள்ளி கொடுக்கிற அப்பாவிடம் இதற்கு மட்டும் காசு இருக்காது.

அந்த அக்காவுக்கு என்ன செய்தேன் என்றால், ஏர்கோன் உள்பக்கத்தைக் கழற்றிக் கழுவினேன், பஞ்சை எடுத்துப் போட்டேன், வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டினேன். வாசம் போய்விட்டது. ஏர்பேக் கம்ப்யூட்டர் சீட்டுக்கு நடுவில் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. அது தண்ணீர் குடித்ததா, விபத்து நடந்தால் வேலை செய்யுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன்தான் கலர் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன்.

பழைய காடி பார்க்கிறவர்கள் டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் காலை எட்டு மணிக்குள் யாராவது ஒரு ஃபோர்மனிடம் கொண்டு போங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. தூக்கி வைத்து அடிவரை பார்க்க நான் 80 வெள்ளி வாங்குகிறேன். விற்கிறவர் பட்டறைக்குக் கொண்டுவர மறுத்தால் அந்த 80 வெள்ளியும் மிச்சம், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.