காம்பென்சேஷன்: இழப்பீடா, ஈடுசெய்தலா?

மின்னணுவியலில், சூடு மாறினாலும் சுற்றின் அளவு மாறாமல் பார்த்துக்கொள்ளும் நுட்பத்துக்கு 'டெம்பரேச்சர் காம்பென்சேஷன்' என்று பெயர். அதற்கு 'வெப்பநிலை இழப்பீடு' என்ற மொழிபெயர்ப்பைக் காணும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. இழப்பீடு என்றால் விபத்துக்கோ, எடுத்துக்கொண்ட நிலத்துக்கோ பிறகு தரும் பணம். மின்சுற்றில் நடப்பது வேறு.

சீமாஸ் (CMOS) என்னும் செய்முறையில் உருவான சிலிக்கன் சில்லு ஒரு மின்னழுத்தத்தை அளக்க, தன்னுள்ளே மாறாத மின்னழுத்தம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அளவுகோலே சூட்டில் நீண்டு சுருங்கினால் எதை நம்பி அளப்பது? டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் என்னும் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் (குறிப்பிட்ட பரப்பில் பாயும் மின்னோட்டத்தின் அளவில்) இயங்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களை எடுத்துக்கொண்டால், அவற்றின் பேஸ்–எமிட்டர் மின்னழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடோ சூட்டோடு சேர்ந்து ஏறும். ஏற்றம் சிறியது. அதைத் தக்கபடி பெருக்கி இறக்கத்தோடு கூட்டினால், சுமார் 1.2 வோல்ட் அசையாமல் நிற்கும். சிலிக்கனின் ஆற்றல் இடைவெளியை, அதாவது எலக்ட்ரான் விடுபட்டு மின்சாரம் கடத்தத் தாண்ட வேண்டிய ஆற்றலை ஒட்டிய மதிப்பு இது. இந்தச் சுற்றுக்கு 'பேண்ட்கேப்' (ஆற்றல் இடைவெளி) என்ற பெயர் அதனால் வந்தது. 1964இல் பொறியாளர் டேவிட் ஹில்பைபர் இந்த வழியைக் காட்டினார். 1971இல் இன்னொரு பொறியாளர் ராபர்ட் விட்லர் அதைத் தொகுப்புச் சுற்றுக்கு (ஐசி)க் கொண்டுவந்தார். சீமாஸ் செய்முறையில் தானாகவே அமைந்துவிடும் பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்கள் இதற்குக் கைகொடுக்கின்றன.

காம்பென்சேஷனின் வேர் லத்தீன் 'காம்பென்சாரே'. ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை வைத்து நிறுப்பது என்று பொருள். கண்முன் தராசே வந்து நிற்கிறது. மின்னணுவியலுக்கு வெகுகாலம் முன்பே கடிகாரம் செய்தவர்கள் இந்த வேலையைச் செய்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் ஊசல் தண்டில் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றிக் கோத்தார். சூட்டில் எஃகு நீண்டு ஊசலைக் கீழே இறக்கும். பித்தளை நீண்டு மேலே தூக்கும். மொத்த நீளம் மாறாது.

தமிழில் இதற்கு 'ஈடு' இருக்கிறது. சுடு என்பது நீண்டு சூடு ஆனதுபோல, இடு என்பது நீண்டு ஈடு ஆயிற்று. சூடும் அதற்கான ஈடும் ஒரே இலக்கணத்தில் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஈடு என்றால் ஒப்பு, சமம்: 'ஈடு இணை', 'ஈடுகொடுத்து ஓடினான்'. இழப்பீட்டுக்குள் இருப்பதும் இதே ஈடுதான். இழப்பைக் கழற்றிவிட்டால் நமக்கு வேண்டிய சொல் கையில் நிற்கும்.

ஆகவே 'வெப்பநிலை ஈடுசெய்தல்' என்றே எழுதலாம். 'வெப்ப ஈடு' சுருக்கமாக இருந்தாலும், வெப்பம் ஆற்றலைக் குறிக்கும். இங்கே பேச்சு வெப்பநிலை பற்றியது. ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்த பிறகும் மின்னழுத்தக் கோட்டில் மெல்லிய வளைவு மிஞ்சும். அதையும் நேராக்கும் நுட்பத்துக்கு 'வளைவு ஈடுசெய்தல்' இயல்பாகவே பொருந்துகிறது.