திட்டு இல்லை, பாராட்டு!

போன வாரமும் ஒரு பெண் கண் கலங்கி வந்து நின்றாள். மேற்படிப்புக்காகப் பேராசிரியர் கொடுத்த சிபாரிசுக் கடிதம் கையில். 'ஐ கேனாட் ரெகமெண்ட் ஹெர் இனஃப்' என்ற வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. "என்னைப் போதுமான அளவு சிபாரிசு செய்ய முடியாதாம் மேடம்!" செல்போன் மொழிபெயர்ப்பு ஆப் அப்படித்தான் சொன்னதாம். உண்மையில், எவ்வளவு சிபாரிசு செய்தாலும் தகும் என்று அந்த மனிதர் மனசாரப் புகழ்ந்திருக்கிறார். இதே வரியோடு இந்த வருடம் என்னிடம் வந்ததில் இவள் நாலாவது ஆள்.

"எனக்கு கிராமர் வீக்" என்று எல்லோரும் ஆரம்பிக்கிறீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 'அவள் உன்னைப் போல முட்டாள் இல்லை' என்று ஒருவர் சொன்னால், நீங்கள் முட்டாளா இல்லையா? தமிழ் வீக் என்பதாலா குழம்புகிறீர்கள்? அந்த வாக்கியத்துக்கே இரண்டு முகம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநில ஓவர்டைம் சட்டத்தில், ஓவர்டைம் சம்பளம் கிடையாத வேலைகளின் பட்டியலில் ஒரு காற்புள்ளி இல்லாததால், 'பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்பது பேக்கிங் என்ற ஒரே வேலையா, பேக்கிங்கும் விநியோகமும் என்று இரண்டா என்று வழக்கே நடந்தது. 2017-இல் நீதிமன்றம் வழக்குப் போட்ட பால் வண்டி ஓட்டுநர்கள் பக்கம் சாய்ந்தது. மறு வருடம் அவர்களுடைய பால் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசமாகப் போனது. அங்கே வாதாடியவர்களுக்கெல்லாம் கிராமர் வீக்கா?

அகராதியைப் புரட்டினால் சரியாகிவிடும் என்பதும் வேண்டாம். 'பைவீக்லி' என்ற சொல்லைப் பாருங்கள். வாரம் இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு பொருளும் அகராதியிலேயே இருக்கும். அமெரிக்க ஆஃபர் லெட்டரில் சம்பளத்தோடு வந்தால் அநேகமாக இரண்டாவதுதான்; வருடத்துக்கு 26 சம்பளம்.

ஒற்றை வரியைப் பிய்த்து ஆப்பில் போடாதீர்கள். முன்னும் பின்னும் படியுங்கள். அந்தக் கடிதத்தில் அடுத்த வரியே 'என் வகுப்பின் சிறந்த மாணவி' என்கிறது! அப்படியும் தெளியவில்லையா, எழுதியவரையே கேளுங்கள். தயவுசெய்து 'புரியவில்லை' என்று மட்டும் கேட்காதீர்கள், பழைய வரியே திரும்பி வரும். 'பைவீக்லி மீட்டிங்' என்று வந்தால், 'மீட்டிங் வாரா வாரம் திங்களும் வியாழனுமா, ஒரு வாரம் விட்டு ஒரு திங்களா?' என்று இரண்டையும் வைத்துக் கேளுங்கள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "சிவப்புக் கோட்டோடு ஸ்கேன் பண்ணி அனுப்பிடாதேம்மா, சார்கிட்ட வேற பிரதி வாங்கு."