சுருண்டு தொங்குற ரோடோடெண்ட்ரான் சாகல

டொரொன்டோ, பாஸ்டன், நியூ ஜெர்சி பக்கம் வீடு வாங்கிக் குடிபோன நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு வாசல்ல முன்னாடி இருந்தவங்க நட்டுட்டுப் போன ஒரு ரோடோடெண்ட்ரான் புதர் இருக்கும். மே, ஜூன்ல கொத்துக் கொத்தா பூக்கும், மத்த நேரம் சும்மா பச்சையா நிக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஜனவரில மைனஸ் பத்து டிகிரி செல்சியஸ் வந்ததும்தான் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க, ஏன்னா இலை மொத்தமும் கீழ தொங்கி சுருட்டு மாதிரி இறுக்கமா சுருண்டுபோயிருக்கும். செடி செத்துருச்சுனு பயந்து வேர்ல வெந்நீர் ஊத்துறவங்க கூட இருக்காங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க.

வேணும்னா ஒரு சின்ன கிளைய ஒடிச்சு வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துலயே இலை விரிஞ்சு தட்டையாயிடும். செத்த இலை விரியாது. குளிருக்கு ஏத்த மாதிரி இலை தானா அசையுற அசைவு இது, தெர்மோநாஸ்டினு சொல்லுவாங்க, தொட்டாச்சிணுங்கிக்குத் தொடுறது எப்படியோ இதுக்குக் குளிர்.

இது ஏன்னு புரியணும்னா அந்தச் செடி பொறந்த இடத்தைப் பாக்கணும். ரோடோடெண்ட்ரான் மேக்சிமம்ங்குற பெரிய இலை வகை அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலைக்காடுகள்ல பெரிய மரங்களுக்கு அடியில நிழல்ல வளருது, வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு அதுதான் மாநிலப் பூ. கோடையில மேல ஓக், மேப்பிள் எல்லாம் குடை பிடிக்கும், இலையுதிர் காலம் முடிஞ்சதும் அந்தக் குடை போயிடும், நிழலுக்குப் பழகின இலை மேல நேரா வெயில் விழும், அதுவும் உறைபனிக் குளிர்ல. இதுதான் ஆபத்தே. குளிர்ல பச்சையம் வெளிச்சத்தை வாங்குறது நிக்காது, ஆனா வாங்கின சக்திய வச்சு சர்க்கரை செய்யுற வேலை கிட்டத்தட்ட நின்னுடும், செலவழிக்க வழியில்லாம மிஞ்சுற சக்தி ஒளிச்சேர்க்கை நடக்குற சவ்வுகளையே சிதைச்சுடும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல எரிக் நில்சனும் அவர்கூட இருந்தவங்களும் இதை ரொம்ப வருஷம் ஆராய்ஞ்சாங்க, இலைய அசைய விடாம கிடைமட்டமா பிடிச்சு வச்சுப் பாத்தப்ப வெளிச்சத்தால வர்ற பாதிப்பு கூடுச்சு. தொங்குற இலை மேல வெயில் கம்மியா விழும், அவ்வளவுதான் சூட்சுமம்.

தொங்குறதும் சுருள்றதும் ஒண்ணு இல்ல. தொங்குறது காம்பு வேலை, அதுல தண்ணி நிலைமைக்கும் பங்கு உண்டு, சுருள்றது முக்கியமா இலையோட வெப்பநிலைய பொறுத்தது. ராத்திரி இலைக்குள்ள செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்குற இடத்துல ஐஸ் கட்டும், செல்லுக்குள்ள கட்டுனாதான் சாவு, வெளிய கட்டுனா குளிருக்குப் பழகின இலை தாங்கிக்கும். ஆனா காலைல வெயில் பட்டு சட்டுனு உருகினா சவ்வு கிழியும், சுருண்டு இருந்தா மெதுவா உருகும்னு நில்சன் விளக்கம் சொல்றாரு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, நரம்பு இல்ல, தசை இல்ல, ஆனா இவ்ளோ நுணுக்கமா ஒரு ஏற்பாடு.

அப்ப செடிய உண்மையிலேயே கொல்றது எது? தாகம். இலைத்துளை எல்லாம் அடிப்பக்கம்தான் இருக்கு, குளிர்ல அதுவும் மூடியிருக்கும், இருந்தாலும் மெழுகுத் தோல் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஈரம் போய்க்கிட்டே இருக்கும், பிப்ரவரி மார்ச் வெயிலும் காத்தும் சேந்தா இன்னும் வேகமா. கீழ மண்ணு கல்லா உறைஞ்சிருக்கு, இந்தச் செடிக்கோ ஆழமான ஆணிவேர் கிடையாது, மேல்மண்ணுல பரவின சல்லிவேர்தான், அதால ஒரு சொட்டு இழுக்க முடியாது. இலை ஓரத்துலயும் நடுநரம்பு ஒட்டியும் பழுப்பு வர்றது இதனாலதான். நம்ம நீலகிரில சோலைக்காட்டு ஓரமா செக்கச்செவேல்னு பூக்குற காட்டுப்பூவரசும் ரோடோடெண்ட்ரான்தான், அதுக்கும் டிசம்பர் ஜனவரில உறைபனி உண்டு, ஆனா அங்க மண்ணு வாரக்கணக்கா உறைஞ்சு கிடக்காது, அதனால இந்தத் தாகப் பிரச்சனை இந்த அளவுக்கு இல்ல.

அதனால குளிர்காலப் பராமரிப்புல முக்கால்வாசி குளிர் வர்றதுக்கு முன்னாடியே முடியணும். மழை இல்லைன்னா அக்டோபர், நவம்பர்ல மண்ணு உறையுற வரைக்கும் வாரம் ஒரு தடவை நல்லா ஆழமா தண்ணி விடுங்க, தேங்க மட்டும் விடாதீங்க, தேங்கினா வேரழுகல் வரும். பைன் ஊசி, மரப்பட்டைத் தூள், ஓக் சருகு எது கிடைச்சாலும் ரெண்டு மூணு இஞ்ச் மூடாக்கு போடுங்க, தண்டை ஒட்டிக் குவிக்காம கொஞ்சம் தள்ளி. உரம் ஜூலைக்கு அப்புறம் வேண்டாம், பகல் நேரம் குறையுறதைப் பாத்துத்தான் செடி குளிருக்குத் தயாராகுது, அந்த நேரத்துல உரம் போட்டா பிஞ்சுத் தளிர் விட்டு முதல் உறைபனிக்கே கருகிடும். அக்டோபர்ல வெட்டவும் வேண்டாம், அடுத்த வருஷப் பூமொட்டு கோடையிலயே கட்டி முடிஞ்சிருக்கும், வெட்டினா பூவைத்தான் வெட்டுறீங்க.

காத்து அடிக்குற பக்கம் நாலு குச்சி நட்டு சாக்குத்துணி கட்டுங்க, இலைல உரசாம. பிளாஸ்டிக் ஷீட் கூடவே கூடாது, பகல் வெயில்ல உள்ள சூடேறி ராத்திரி சட்டுனு உறைய வைக்கும், செடி தவிர்க்கப் பாக்குறதே அதைத்தான். ஈரம் போகாம இலைல அடிக்கக் கடையில விக்குற மெழுகு ஸ்ப்ரே சில சமயம் உதவும், அதை மட்டும் நம்பி தண்ணி விடாம இருக்காதீங்க. ஸ்னோ விழுந்தா நல்லதுதான், வேருக்குக் குளிர் ஏறாம தடுக்கும். ஈர ஸ்னோ கனமா கிளைய அமுக்குனா மட்டும் கையால கீழேருந்து மேல மெதுவா தட்டிவிடுங்க, ஐஸா உறைஞ்சுட்டா தொடாதீங்க, கிளை படக்குனு முறிஞ்சுடும். நடைபாதைல போடுற உப்பு வேர்ப்பக்கம் வழியாம பாத்துக்கோங்க.

ஏப்ரல்ல பழுப்பு இலையப் பாத்து உடனே கத்திரிய எடுக்காதீங்க. நகத்தால பட்டைய லேசா சுரண்டுங்க, அடியில பச்சை தெரிஞ்சா கிளைக்கு உயிர் இருக்கு, புதுத் தளிர் வர்ற வரைக்கும் விட்டுடுங்க. மொட்டு ஒண்ண நடுவுல கீறிப் பாத்து உள்ள கருப்பா இருந்தா அந்த மொட்டு இந்த வருஷம் பூக்காது, இலை மொட்டு அதைவிடக் குளிர் தாங்கும், அதனால செடி தழைச்சு வந்துடும்.