3389-ஐத் தெருவுக்குத் திறந்து வைக்காதீர்கள்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சிறு பட்டறைகள், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள், தருமபுரி ஆடிட்டர் ஆபீஸ்கள் எனப் பல இடங்களில் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் இப்போது மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுவதில்லை. சென்னையிலோ மும்பையிலோ உள்ள கிளவுட் விர்ச்சுவல் மெஷினில் (சுருக்கமாக வி.எம்., வேறொரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்) ஓடுகிறது. இல்லையென்றால் ஆபீஸிலேயே ஒரு நல்ல கம்ப்யூட்டரில் ஹைப்பர்-வி அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அது உருவாக்கும் வி.எம்.முக்குள் ஓட்டுகிறார்கள். கணக்கெழுதுபவர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வருகிறார். அமைத்துக் கொடுப்பவரும் திரையில் டெஸ்க்டாப் தெரிந்ததும் 'ஓகே சார், கனெக்ட் ஆயிடுச்சு' என்று கிளம்பிவிடுகிறார். வினையே அங்கேதான் தொடங்குகிறது.

இணைப்பு வரவில்லை என்றால் மூன்று இடங்களில் எங்காவது அடைத்திருக்கும்: ரூட்டர், கிளவுட் ஃபயர்வால், விண்டோஸ் ஃபயர்வால். அவசரத்தில் மூன்றையும் திறந்துவிட்டால் இணைப்பு வந்துவிடும். கூடவே உலகம் முழுக்க வரும். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட், அதாவது கம்ப்யூட்டருக்குள் நுழையும் வாசல் எண், 3389. பொது ஐ.பி.யில் (இணையத்தில் எவரும் எட்டக்கூடிய முகவரியில்) இதைத் திறந்து வைத்தால், இணையத்தை ஓயாமல் ஸ்கேன் செய்யும் புரோகிராம்கள் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்காது. அதன்பின் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் பாஸ்வேர்டு மாற்றி மாற்றி முயற்சி நடக்கும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் அதிகம் நம்பும் வாசல்களில் இதுவும் ஒன்று. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் ஓட்டையில் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, சர்வர் 2008 போன்ற பழைய பதிப்புகளில் 3389 திறந்திருந்தாலே போதும் என்ற நிலை. 3389-ஐ 3390 என்று மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். முயற்சிகளின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். ஸ்கேன் செய்பவனுக்கு எல்லா போர்ட்டும் ஒன்றுதான்.

முதலில் சுரங்கப்பாதை

ஆகவே கிளையன்ட்டை (லேப்டாப்பில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் புரோகிராமை) தொடும் முன் வி.பி.என். போடுங்கள், அதாவது இணையத்துக்குள் உங்களுக்கு மட்டுமான பூட்டிய சுரங்கப்பாதை. சிறு ஆபீஸுக்கு வயர்கார்டு போதும், இலவசம். கிளவுட் ஃபயர்வாலில் யு.டி.பி. 51820-ஐ மட்டும் திறந்து, 3389-க்கான விதியை நீக்கிவிட வேண்டும். சரியான சாவி இல்லாதவர் தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. அதனால் ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாததுபோல்தான் தெரியும். வி.எம்.முக்குள் விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதியைத் திறந்து, 'ஸ்கோப்' பகுதியில் ரிமோட் ஐ.பி.யாகச் சுரங்கத்தின் முகவரி வரிசையை மட்டும் கொடுங்கள், உதாரணமாக 10.8.0.0/24.

பயனர் பக்கத்து வயர்கார்டில் 'அலவுடு ஐ.பி.ஸ்' என்ற இடத்தில் 0.0.0.0/0 என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிப் போட்டால் வீட்டில் பார்க்கும் யூடியூப்கூட வி.எம். வழியாகப் போகப் பார்க்கும். வி.எம்.மின் சுரங்க முகவரியை மட்டும், 10.8.0.1/32 என்பதுபோல், எழுதினால் போதும்.

வி.எம். ஆபீஸுக்குள்ளேயே இருந்தால் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, வீட்டு ரூட்டரும் ஆபீஸ் ரூட்டரும் 192.168.1 வரிசையையே பயன்படுத்துவது. வி.பி.என். இணைந்ததாகக் காட்டும், ஆனால் 192.168.1.50-ஐத் தேடும் லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆபீஸ் பக்கத்தை 192.168.77 போன்ற யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, இணைய நிறுவனம் தனிப் பொது ஐ.பி. தராமல் பலருக்கும் ஒன்றைப் பகிர்ந்து கொடுப்பது. ரூட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அதுதான் விஷயம். போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை செய்தாலும் பலிக்காது. டெயில்ஸ்கேல் மாதிரி இரு பக்கமும் வெளியே போய்ச் சந்திக்கும் வி.பி.என். வேண்டும், அல்லது நிலையான ஐ.பி.க்குப் பணம் கட்ட வேண்டும்.

வி.எம். பக்கம்

வி.எம்.முக்குள் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பா என்று முதலில் பாருங்கள். ஹோம் பதிப்பிலிருந்து வெளியே இணைய முடியும், அதற்குள் யாரும் வர முடியாது. புரோ அல்லது சர்வர் வேண்டும். 'நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்' டிக்கை எடுக்கச் சொல்லி யூடியூபில் நிறைய ஆலோசனை கிடைக்கும். எடுக்காதீர்கள். லாகின் திரை வருவதற்கு முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது அதுதான்.

விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க் 'நாட்' (NAT) என்று இருந்தால் வி.எம்.முக்கு 10.0.2.15 என்ற முகவரி வரும். வெளியிலிருந்து அதை அடைய முடியாது. 'பிரிட்ஜ்டு' ஆக்குங்கள். ஹைப்பர்-வியின் 'டிஃபால்ட் ஸ்விட்ச்' ஹோஸ்ட்டை (வி.எம். ஓடும் கம்ப்யூட்டரை) ரீஸ்டார்ட் செய்தால் முகவரி வரிசையையே மாற்றிவிடக்கூடியது. நேற்று வேலை செய்த ஐ.பி. இன்று செத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எக்ஸ்டெர்னல் ஸ்விட்ச் ஒன்று உருவாக்கி நிலையான ஐ.பி. கொடுங்கள். கிளவுடிலும் இதே கதைதான். செலவைக் குறைக்க இரவில் வி.எம்.மை நிறுத்தி வைப்பவர்கள் ஸ்டாட்டிக் ஐ.பி. எடுக்காவிட்டால், மறுநாள் பொது ஐ.பி. மாறி, வயர்கார்டில் எழுதிய முகவரி பொய்யாகிவிடும்.

பிங் பதில் வரவில்லை என்பதை வைத்து வி.எம். படுத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் பிங்கை வழக்கமாகவே தடுக்கும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்கு ஐ.பி.யையும் போர்ட் 3389-ஐயும் கொடுங்கள். ட்ரூ என்று வந்தால் பாதை சரி, பிரச்சினை பெயரிலோ பாஸ்வேர்டிலோ இருக்கிறது.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. வெறுமனே 'கணக்கு1' என்று கொடுத்தால், அந்தப் பெயரை எந்தக் கம்ப்யூட்டரில் தேடுவது என்ற குழப்பம் வரும். வி.எம்.மின் கம்ப்யூட்டர் பெயர், சாய்கோடு, பயனர் பெயர் என்று முழுதாக எழுதுங்கள். நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது, பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இந்த வழியில் விடாது.

கிளையன்ட்டில் கவனிக்க வேண்டிய டிக்குகள்

'ஷோ ஆப்ஷன்ஸ்' அழுத்தினால் திறக்கும் ஐந்து பக்கங்களில் 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். அங்கே 'மோர்' பொத்தானுக்குள் 'டிரைவ்ஸ்' டிக் போட்டால் உங்கள் லேப்டாப்பின் சி, டி டிரைவ்கள் வி.எம்.முக்குள் தெரியும். ஃபைல் எடுக்க வசதிதான். வி.எம்.மில் ரான்சம்வேர் புகுந்தால் அதற்கும் அதே வசதி. டிரைவ் டிக் வேண்டாம். ஃபைல் அனுப்ப வேண்டுமானால் கிளிப்போர்டு போதும், காப்பி-பேஸ்ட் திடீரென நின்றுவிட்டால் வி.எம்.மின் டாஸ்க் மேனேஜரில் ஆர்.டி.பி.கிளிப் என்பதை முடித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகும்.

பிரின்டர் டிக் போட்டால் பில் உங்கள் வீட்டு பிரின்டரிலேயே வரும். ஆனால் டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ஒரு பில்லுக்கு இவ்வளவு நேரமா' என்று நொந்துகொள்வார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் பொது பிரின்டர் டிரைவரான ஈஸி பிரின்ட் எழுத்துகளைப் படமாக்கி அனுப்புவதால் ஊசி வரி வரியாகப் படம் வரைகிறது. அதே பிரின்டரின் டிரைவரை வி.எம்.மில் நிறுவி, ஈஸி பிரின்ட்டை முதலில் பயன்படுத்தும் குரூப் பாலிசியை அணைத்தால் வேகம் திரும்பும்.

டெண்டருக்கும் ஜி.எஸ்.டி.க்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் குத்துபவர்கள் கவனிக்க: ஆபீஸ் ஹோஸ்ட்டில் டோக்கனைக் குத்திவிட்டு வீட்டிலிருந்து ரிமோட்டில் வந்தால் அது தெரியாது. ரிமோட் செஷன் பார்ப்பது உங்கள் கையில் உள்ள லேப்டாப்பின் ஸ்மார்ட் கார்டைத்தான். டோக்கன் லேப்டாப்பில், 'ஸ்மார்ட் கார்ட்ஸ்' டிக் கிளையன்ட்டில், டோக்கன் டிரைவர் வி.எம்.மில். மூன்றும் இருந்தால்தான் கையெழுத்து விழும்.

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவர்கள் 'டிஸ்ப்ளே'யில் நிறத்தை 16 பிட்டுக்கு இறக்கி, 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கத்தில் டெஸ்க்டாப் பின்னணி, ஃபான்ட் ஸ்மூத்திங், அனிமேஷன் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பிட்மேப் கேச்சிங், ரீகனெக்ட் இரண்டு டிக்கும் இருக்கட்டும். படம் சில நொடி உறைந்து உறைந்து நகர்ந்தால், வயர்கார்டின் எம்.டி.யு.வை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவை) 1420-இலிருந்து 1280-க்குக் குறைத்துப் பாருங்கள்.

சான்றிதழ் எச்சரிக்கை முதல் தடவை வருவது இயல்பு. வி.எம். தானே போட்டுக்கொண்ட கையெழுத்து அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும்போது மறுபடி கேட்கும். 'வார்ன் மீ' என்பதை மாற்றி 'எச்சரிக்காமல் இணை' என்று வைப்பது மட்டும் கூடாது.

மெயிலில் வரும் ரிமோட் டெஸ்க்டாப் ஃபைலைத் திறக்கவே கூடாது. 2024 அக்டோபரில் இப்படி மெயிலில் அனுப்பிய ஃபைல்கள் மூலம் தாக்குதல் நடந்ததை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. திறந்தவுடன் நம் டிரைவ்களையும் கிளிப்போர்டையும் தாக்குபவனின் சர்வருக்குக் காட்டும்படி அந்த ஃபைலில் முன்பே டிக் போடப்பட்டிருந்தது.

வேலை முடிந்ததும் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்திப் போகிறவர்கள்தான் அதிகம். அது செஷனை மூடாது, திரையை மட்டும் மறைக்கும். டேலி உள்ளே திறந்தே கிடக்கும். விண்டோஸ் சர்வரில் கூடுதல் உரிமம் இல்லாமல் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் இருக்க முடியும் என்பதால், ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் 20ஆம் தேதி மூன்றாவது ஆள் வெளியே நிற்பார். ஸ்டார்ட் மெனுவில் சைன் அவுட் கொடுத்துப் பழக்குங்கள். உண்மையிலேயே மூன்று பேர் வேண்டுமானால் ஆர்.டி.எஸ். (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) உரிமம் வாங்குங்கள், சோதனைக்கு 120 நாள் தருகிறார்கள்.

மாதம் ஒருமுறை வி.எம்.மின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள், தோற்ற லாகின்கள் அவை. லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப்) என்று வடிகட்டினால் ஒன்றும் அகப்படாமல் போகலாம், நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இருக்கும்போது தோல்விகள் டைப் 3 என்றே பதிவாகும். சுரங்கம் சரியாக இருந்தால் உங்கள் ஆட்களின் எழுத்துப்பிழை தவிர வேறு இருக்காது. தெரியாத ஐ.பி.கள் வரிசையாக இருந்தால் 3389 எங்கோ திறந்திருக்கிறது. அவற்றில் ஒன்று 4624-இலும், அதாவது வெற்றியிலும் இருந்தால், வி.எம்.மை ஷட் டவுன் செய்யாமல் நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் நகல்) எடுங்கள். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இத்தகைய ஊடுருவலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அப்போதே அழையுங்கள்.