அக்காவின் ஃபோல்டர் அக்காவுக்கே திறக்காதது ஏன்?

அக்காவின் பழைய லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, புதுக் கணினியில் செருகினோம். டிரைவ் தெரிந்தது, யூசர்ஸ் ஃபோல்டர் தெரிந்தது, அதற்குள் அக்கா பெயரிலேயே ஒரு ஃபோல்டரும் இருந்தது. அதைத் திறக்கப் போனால், உங்களுக்கு அனுமதி இல்லை என்றது விண்டோஸ்.

"நான் எடுத்த போட்டோவை நானே பார்க்கக் கூடாதாமாடா?" என்றாள் அக்கா. புதுக் கணினியிலும் அதே பெயர், அதே மின்னஞ்சல், அதே பாஸ்வேர்டு. அவள் கேட்டது நியாயம்தான்.

அந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ் பெட்டியில் செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் திறந்தால் காரணம் அங்கேயே இருக்கும். அக்காவின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'தெரியாத கணக்கு' என்றும், எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றும் நிற்கும். நம் பெயர் நமக்காகத் திரையில் காட்டப்படுவது மட்டுமே. விண்டோஸ் உள்ளே வைத்துக்கொள்வது அந்த எண்ணைத்தான். பாதுகாப்பு அடையாள எண், சுருக்கமாக எஸ்ஐடி.

இந்த எண்ணின் நடுவில் மூன்று பெரிய எண்கள் வரும். அவை அந்தக் கணினிக்கு மட்டுமே உரியவை. விண்டோஸை நிறுவும்போது உருவாகின்றன. கடைசியில் வருவது ஆளுக்குரிய எண். கணினியோடு பிறந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு 500, விருந்தினர் கணக்குக்கு 501, நாம் உருவாக்கும் கணக்குகளுக்கு 1000-லிருந்து மேலே. ஒருமுறை கொடுத்த எண்ணை விண்டோஸ் வேறு கணக்குக்குத் தராது. அதனால் ஒரு கணக்கை அழித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு மறுபடி உருவாக்கினாலும், கணினியைப் பொறுத்தவரை வந்திருப்பவர் புது ஆள். இரண்டு கணினிகளில் ஒரே மின்னஞ்சலால் நுழைந்தாலும் எண்கள் வேறுவேறுதான். கட்டளைத் திரையில் 'ஹூஅம்ஐ' என்பதோடு 'யூசர்' என்ற தெரிவைச் சேர்த்துத் தட்டினால் உங்கள் எண்ணை நீங்களே பார்க்கலாம்.

வீட்டுக் கணினிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தாமதமாகத்தான் வந்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் யார் உட்கார்ந்தாலும் எல்லாக் கோப்பும் திறக்கும். 1993-ல் வந்த விண்டோஸ் என்டியிலும் அதன் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பிலும் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இருந்த அனுமதிமுறை, 2001-ல் எக்ஸ்பி வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளில் இன்றும் யார் திறக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல் கிடையாது. பென் டிரைவ் எந்தக் கணினியிலும் மறுபேச்சு இல்லாமல் திறப்பது அதனால்தான்.

இனி கதவருகே நடப்பதைப் பார்ப்போம். நீங்கள் லாகின் செய்த கணத்தில் விண்டோஸ் உங்களுக்கு ஒரு டோக்கன், அதாவது ஓர் அடையாளச் சீட்டு, தயாரிக்கிறது. அதில் உங்கள் எண்ணும், நீங்கள் சேர்ந்திருக்கும் குழுக்களின் எண்களும் இருக்கும். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அந்த டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. மறுபக்கம், ஒவ்வொரு கோப்பிலும் ஃபோல்டரிலும் ஒரு பட்டியல்: இந்த எண் படிக்கலாம், இந்த எண் எழுதலாம், இந்த எண்ணுக்கு மறுப்பு. விண்டோஸ் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். அந்தக் கோப்புக்கென்றே எழுதிய மறுப்புகள் முதலில், பிறகு அதற்கென்றே எழுதிய அனுமதிகள், அதன் பின் மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வந்த மறுப்புகளும் அனுமதிகளும். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டால் அங்கேயே கதவு திறக்கும். கடைசி வரி வரை உங்கள் எண் வரவில்லை என்றால் திறக்காது. இதில் இன்னொரு நுணுக்கம்: பட்டியல் இருந்து அதில் ஒரு வரியும் இல்லையென்றால் யாருக்கும் அனுமதி இல்லை; பட்டியலே இல்லையென்றால் எல்லோருக்கும் அனுமதி.

'அனுமதி கெட்டுப்போச்சு' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை இந்த இரண்டு பக்கமும் பொருந்தாமல் போனதுதான். கோப்பில் பழைய எண், டோக்கனில் புது எண். அல்லது ஒருவர் ஃபோல்டரிலிருந்து அதே டிரைவில் இருக்கும் பொது ஃபோல்டருக்கு இழுத்துப் போட்ட கோப்பு. நகலெடுத்தால் கோப்பு போய்ச் சேரும் இடத்தின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும்; ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய பட்டியலோடு போகும். அப்பா பொது ஃபோல்டரில் வைத்த கோப்பு பிள்ளைகளுக்குத் திறக்காமல் போவது பல வீடுகளில் இப்படித்தான்.

அக்கா அடுத்துக் கேட்டது: "நான் அட்மின்தானே, எனக்கே இல்லைன்னா?"

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவின் எண், எஸ்-1-5-32-544, உலகத்தில் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றே. அக்காவின் பழைய ஃபோல்டரிலும் அந்த எண்ணுக்கு முழு அனுமதி இருந்தது. ஆனால் எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, அட்மின் லாகின் செய்தால் விண்டோஸ் இரண்டு டோக்கன்கள் தயாரிக்கிறது: ஒன்று முழு அதிகாரத்தோடு, மற்றது அதிகாரம் கழித்தது. அன்றாட வேலையெல்லாம் இரண்டாவதில்தான் நடக்கிறது. அதில் அட்மின் குழு எண் 'மறுப்புக்கு மட்டும்' என்று குறிக்கப்பட்டிருக்கும். அதாவது அந்தக் குழுவை மறுக்கும் வரி உங்களைத் தடுக்கும், அனுமதிக்கும் வரி உங்களுக்கு உதவாது. வலையிலிருந்து வந்த ஒரு கெட்ட நிரல் நம் பெயரைச் சொல்லி முழுக் கணினியையும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். எரிச்சலாக இருந்தாலும் இதை அணைத்து வைக்காதீர்கள்.

மறுப்புச் செய்தியோடு வரும் 'தொடர்க' பொத்தான், முழு டோக்கனை ஒரு கணம் எடுத்து, உங்கள் புது எண்ணை அந்த ஃபோல்டரின் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்க்கிறது. அக்காவுக்கு அதிலேயே முக்கால்வாசி திறந்துவிட்டது. திறக்காதவை, மேலிருந்து அனுமதி இறங்காதபடி அவள் எப்போதோ தனியாகப் பூட்டி வைத்த சில ஃபோல்டர்கள். அவற்றில் பழைய எண் மட்டுமே இருந்தது, அட்மின் குழுகூட இல்லை.

அங்கே உதவுவது உரிமையாளர் என்ற ஏற்பாடு. வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், பட்டா வைத்திருப்பவர் இன்னொருவர் என்பது போல, ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலுக்கு வெளியே ஓர் உரிமையாளர் எண் உண்டு. பொதுவாக, பட்டியலில் தன் எண் இல்லாவிட்டாலும் பட்டியலை மாற்றி எழுதும் உரிமை அவருக்கு இருக்கும். எதன் உரிமையையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் சிறப்புரிமை அட்மினுக்கு இருக்கிறது. ஆகவே கட்டளைத் திரையை அட்மினாகத் திறந்து, முதலில் 'டேக்ஓன்' கட்டளையால் அந்த ஃபோல்டரின் உரிமையை எடுக்க வேண்டும். பிறகு 'ஐகேக்கல்ஸ்' கட்டளையை 'ரீசெட்' தெரிவோடு கொடுத்தால், உள்ளே இருக்கும் பட்டியல்கள் அழிந்து மேல் ஃபோல்டரின் அனுமதிகள் இறங்கும். இதே கட்டளையில் 'சேவ்' என்ற தெரிவும் உண்டு. கைவைப்பதற்கு முன் இருக்கும் பட்டியல்களை அது ஒரு கோப்பில் எழுதி வைக்கும். தவறினால் 'ரீஸ்டோர்' கொடுத்துத் திரும்பலாம். படிக்க முடிகிற ஃபோல்டர்களில் நான் இதைச் செய்யாமல் ஆரம்பிப்பதில்லை.

இப்படி உரிமையை எடுப்பதும் அனுமதிகளை மாற்றுவதும் கூடாத இடம் சி டிரைவின் வேர், அதாவது அதன் மேல்மட்டம். 'எவ்ரிஒன்' குழுவுக்கு முழு அனுமதி கொடுத்து மொத்த டிரைவிலும் இறக்கிவிட்டால் தொல்லை தீரும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். விண்டோஸ் ஃபோல்டரின் பெரும்பாலான கோப்புகளுக்கு உரிமையாளர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற சேவை. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிப் பட்டியல். அதை ஒரே வீச்சில் அழித்தால் திரும்பக் கொண்டுவர எளிய வழி இல்லை. விண்டோஸை அதன் மேலேயே மறுபடி நிறுவ வேண்டிவரும். 'அப்ளிகேஷன் டேட்டா', 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று திறக்காத குறுக்கு வழிகளும் கெட்டுப்போனவை இல்லை. பழைய நிரல்களுக்காக வைத்த கைகாட்டிகள் அவை; யாரும் உள்ளே பட்டியலிடக் கூடாது என்று வேண்டுமென்றே மறுப்பு வைத்திருக்கிறார்கள். மேக்கில் முன்பு 'அனுமதிகளைச் சரிசெய்' என்று ஒரு பொத்தானே இருந்தது. 2015-ல் எல் கேப்பிட்டன் என்ற மேக் பதிப்பு வந்தபோது, சிஸ்டம் கோப்புகளை யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட்டு அதை எடுத்துவிட்டார்கள்.

சில நேரம் கெடுவது கோப்பின் பட்டியல் இல்லை, கணக்கின் சுயவிவரமே. லாகின் செய்தால் வெறும் டெஸ்க்டாப், தற்காலிகச் சுயவிவரம் என்ற அறிவிப்பு. உங்கள் அமைப்புகள் இருக்கும் என்டியூசர்.டாட் கோப்பை விண்டோஸால் ஏற்ற முடியவில்லை என்று பொருள். பதற வேண்டாம், பழைய ஃபோல்டர் பொதுவாக அப்படியே இருக்கும். ஆனால் அந்தத் தற்காலிக இடத்தில் எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறியதும் அழிந்துவிடும். முதலில் மறுதொடக்கம் செய்து பாருங்கள். அப்படியும் வந்தால், புதுக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுப்பதுதான் என் தேர்வு. என்டியூசர் கோப்பைக் கூடவே தூக்கி வந்தால், கெட்டதும் கூடவே வரும்.

இவை எதுவும் பலிக்காத ஓர் இடம் உண்டு. விண்டோஸின் இஎஃப்எஸ் முறையில் குறியாக்கம் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதிய கோப்பு என்றால், உரிமையும் அனுமதியும் கிடைத்த பிறகும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அதன் சாவி பழைய கணக்கின் சான்றிதழில் இருக்கிறது. அந்தச் சான்றிதழை முன்பே ஏற்றுமதி செய்து வைத்திருக்க வேண்டும்.

அக்காவின் டிஸ்க்கில் அப்படி எதுவும் இல்லை. எல்லாப் படங்களையும் அவளுடைய புதுப் பிக்சர்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்தோம், நகர்த்தவில்லை. முடிந்ததும் ஒரு படத்தின் செக்யூரிட்டிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழைய எண் போய், அந்த வரியில் அக்காவின் பெயர் இருந்தது.